வட்டி எது? கந்து வட்டி எது?

நடவு நெருங்கும் நேரத்தில்தான் சிறு விவசாயிக்குப் பணமுடை அதிகம். உழவுக்கூலி, விதை, உரம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அந்த அவசரத்தில் வட்டிக் கணக்கைப் பார்க்கத் தோன்றாது. நெல் களத்துமேட்டுக்கு வந்த பிறகே, பாதி நெல் யாருக்கு என்பது தெரிய வரும்.

பிறர் பணத்தைச் சில காலம் பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் கூலியே வட்டி. வாங்குபவரின் அவசரத்தைப் பார்த்து, அரசு நிர்ணயித்த வீதத்துக்கு மேல் கறப்பது கந்து வட்டி. இரண்டையும் பிரித்தறிய ஆண்டுக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கு

கிராமத்தில் "5 வட்டி" என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். கேட்பதற்குச் சிறிய தொகைதான். 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 60 சதவீதம் ஆகிறது. "10 வட்டி" என்றால் 120 சதவீதம். பத்தே மாதத்தில் வட்டி அசலுக்குச் சமமாகிவிடும்.

20,000 ரூபாயை 5 வட்டிக்கு வாங்கி, 6 மாதம் கழித்து அறுவடையில் அடைத்தால் வட்டி மட்டும் 6,000 ரூபாய். அதே தொகை 7 சதவீதப் பயிர்க்கடனாக இருந்தால் வட்டி 700 ரூபாய்தான்.

தண்டல் கணக்கு

10,000 ரூபாய் கடனில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதை 15 சதவீத வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். நாள்தோறும் பணம் திரும்பிவிடுவதால், கடனாளியின் கையில் சராசரியாக இருப்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம்!

சட்டம் சொல்வது

இந்தக் கொடுமை புதிதல்ல. 1938-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடனில் அசலைப் போல் இருமடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொண்டது.

2003-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடனாளி அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி மனுச் செய்யவும் வழி உண்டு.

கவனிக்க வேண்டியவை

தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுக்கவே கூடாது. "திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி நிலம் இழந்தவர்கள் பலர். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற வேண்டும். கடன் தீர்ந்ததும் புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டுவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. ஆனால் நடவு வாரத்தில் போய்க் கேட்டால் பணம் உடனே கைக்கு வராது. சிட்டா, அடங்கலுடன் ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பித்துவிட்டால், அவசரத்துக்குக் கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியிராது.