ஒட்டு மாங்கன்றும் ஒரு பாட்டும்

ஒட்டு மாங்கன்றைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தண்டின் அடிப்பக்கத்தில் சாய்வாக ஒரு தழும்பு தெரியும். ஒரு கன்றின் தண்டையும் ஒரு மாமரத்தின் கிளையையும் சீவி, ஒன்றாக வைத்துக் கட்டிய இடம் அது.

ஒரு பாட்டையும் அப்படி ஒட்டியிருக்கிறார்கள். கேளுங்கள்.

1966ஆம் ஆண்டு. லண்டன், அபே ரோடு. அங்கே ஓர் ஒலிப்பதிவுக்கூடம். 'பீட்டில்ஸ்' இசைக்குழுவின் ஜான் லெனான் ஒரு பாட்டு எழுதியிருந்தார். பெயர் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. சிறுவனாக இருந்தபோது லிவர்பூலில் அவர் விளையாடிய ஒரு தோட்டத்தின் நினைவில் பிறந்த பாட்டு.

முதலில் மெதுவாக, மென்மையாகப் பதிவு செய்தார்கள். பிறகு 4 டிரம்பெட், 3 செல்லோ சேர்த்து, வேகமாக இன்னொரு பதிவு. லெனானுக்கு முதல் பதிவின் தொடக்கம் பிடித்தது. இரண்டாவதன் பிற்பகுதி பிடித்தது. இரண்டையும் சேர்த்துத் தரச் சொன்னார்!

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திகைத்தார். ஒன்று மெதுவான பாட்டு, மற்றது வேகமானது. சுருதியும் வேறு. ஒரு தண்டு விரல் பருமன், மற்றது கை பருமன் என்றால் எப்படி ஒட்டுக் கட்டுவது?

இங்கேதான் அறிவியல் வருகிறது. பள்ளிக்கூட மணி அடித்ததும் அதைத் தொட்டுப் பாருங்கள். விரல் குறுகுறுக்கும். அதுதான் அதிர்வு. ஒரு நொடிக்கு அதிர்வு கூடினால் சுருதி ஏறும். குறைந்தால் இறங்கும்.

நம்பவில்லையா? சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, பின்சக்கரக் கம்பிகளில் உரசும்படி ஓர் அட்டையைக் கட்டுங்கள். பெடலை மெல்லச் சுற்றினால், 'டக்... டக்...' வேகமாகச் சுற்றினால், 'ட்ர்ர்ர்!' வேகம் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று ஏறும். விரலை மட்டும் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோகக் கூடாது, சரியா?

அந்தக் காலத்தில் பாட்டைப் பதிந்தது பழுப்பு நிற நாடாவில். இரும்புத் துருவைப் போன்ற பொடி பூசிய நாடா அது. அந்தப் பொடியில் அதிர்வுகள் காந்தக் கோலமாகப் பதியும். ஒரு நொடிப் பாட்டுக்கு 38 சென்டிமீட்டர் நாடா ஓடும். உங்கள் ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம்!

நாடாவை மெதுவாக ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு நொடியில் கடந்துபோகும் அதிர்வுகள் குறையும். பாட்டும் மெதுவாகும், சுருதியும் இறங்கும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தால், சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடும். இரண்டும் கைகோத்தே நடக்கும். புரிகிறதா?

இப்போது அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். வேகமான பதிவுதான் சுருதியிலும் உயர்ந்திருந்தது! அதன் நாடாவை மெதுவாக ஓட்டியதும் வேகமும் இறங்கியது, சுருதியும் இறங்கியது. இரண்டு தண்டும் ஒரே பருமனுக்கு வந்துவிட்டன.

அப்புறம் வெட்ட வேண்டும். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போதுதான் 21 வயது நிறைந்திருந்தது. அவர் நாடாவை நேராக வெட்டவில்லை. நீளச் சாய்வாக வெட்டினார். ஏன்? நேராக வெட்டினால் ஓசை சட்டென்று மாறும். சாய்வாக வெட்டினால் ஒன்று மெல்ல விலகும்போதே மற்றது மெல்ல நுழையும். மாங்கன்றைச் சாய்வாகச் சீவும் தோட்டக்காரரும், இரண்டும் நன்றாகப் பொருந்த வேண்டும் என்றுதானே அப்படிச் செய்கிறார்?

1967 பிப்ரவரியில் பாட்டு வெளிவந்தது. வாய்ப்புக் கிடைத்தால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனதும் காதைக் கூர்மையாக்குங்கள். தழும்பு அங்கேதான் இருக்கிறது!

போவதற்கு முன் ஒரு கேள்வி. வேகமான பதிவின் சுருதி தாழ்வாக இருந்திருந்தால், நாடாவை மெதுவாக ஓட்டி ஒட்டியிருக்க முடியுமா? சைக்கிளையும் அட்டையையும் நினைத்துக்கொண்டு யோசியுங்கள். விடை உங்களுக்கே கிடைத்துவிடும், கெட்டிக்காரர்களே!