கண்டென்சருக்கு வேலை போன கதை

கம்பி வழிக் குரல் – 14

ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் "கண்டென்சர் போயிருக்கும்" என்று சொல்ல நம் ஊரில் யாரும் எலக்ட்ரிஷியனாக இருக்கவேண்டியதில்லை. அந்தக் கண்டென்சருக்குப் பங்காளி முறையில் ஒன்று, சட்டைப்பைக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கும் பிளேயரிலும் உட்கார்ந்திருந்தது. அது அங்கே அவசியமா என்ற கேள்வியை என்னிடம் கிளப்பிவிட்டவர், அத்திப்பட்டு ஸ்டேஷன் வாசலில் வண்டி போடும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர்.

அவரிடம் விரல் நீள எம்பி3 பிளேயர் ஒன்று. ஆட்டோ பேட்டரியிலிருந்தே அதற்கு சார்ஜ். அதிலிருந்து ஒரு ஆக்ஸ் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு. "சார்ஜ் ஒயரப் புடுங்குனா பாடுது சார். சொருவுனா கம்முனு ஆயிடுது. கையில வெச்சா சூடா வேற கீது. இன்னா சார் இது?"

பதில் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு மின்சார ரயில் ஏறினேன். எண்ணூர் வருவதற்குள் பிடிபட்டுவிட்டது.

அத்திப்பட்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிதான். அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் ஏசி. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும். பாட்டும் அப்படித்தான், என்ன, அவ்வளவு ஒழுங்காகப் போய்வராது. பேட்டரிக்கு இந்தப் போக்குவரத்தே தெரியாது. அது டிசி. பூஜ்யத்துக்கு மேலே கொடுக்கும். கீழே இறங்கத் தெரியாது. ஆனால் பாட்டின் அலை பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கியாகவேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றிப் படகு தரைதட்டிக் கிடந்தால் எங்கே தாழும்? முதலில் மட்டத்தை உயர்த்தவேண்டும். பிளேயருக்குள் பாட்டை வெளியே அனுப்பும் சிப்பும் அதையே செய்கிறது. 3.3 வோல்ட்டில் ஓடும் சிப், பாட்டே இல்லாத நேரத்திலும் தன் வாசலில் பாதியை, 1.65 வோல்ட்டை, நிறுத்தி வைத்திருக்கும். பாட்டு அதன்மேல் ஏறி இறங்கும்.

அந்த 1.65 வோல்ட் நேராக 32 ஓம் ஹெட்போனுக்குள் போனால்? ஒரு காதுக்குச் சுமார் 50 மில்லி ஆம்பியர், இரண்டுக்கும் 100. யாருக்கும் ஷாக் அடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு விறைத்து நிற்கும், கம்பிச்சுருள் சும்மாவே சூடாகும், ஒரு பாட்டுகூடப் பாடாமல் பேட்டரி காலியாகும். வழியில் ஒரு கண்டென்சரை வைத்தால் டிசி நின்றுவிடும், பாட்டு மட்டும் தாண்டிப் போகும். 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்ததிலிருந்து, இரண்டு பென்சில் செல்லில் ஓடிய பெட்டிகளில் இது சர்வசாதாரணம். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பெட்டியை முதன்முதலில் ஆன் செய்தபோது காதில் 'டொப்' என்று ஒரு குட்டு விழுந்ததே, நினைவிருக்கிறதா? கண்டென்சர் தன் வயிற்றை நிரப்பிக்கொண்ட சத்தம் அது.

டிசியை வாசலில் நிறுத்திய இந்தக் காவல்காரர் கூலி கேட்டார், கூலி 'பேஸ்'. 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 32 ஓம் ஹெட்போனும் சேர்ந்தால் சுமார் 23 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் சத்தம் தேயும். அது பரவாயில்லை. காசையும் இடத்தையும் மிச்சம் பிடிக்க 100 மைக்ரோஃபாரட் வைத்து, காதிலும் 16 ஓம் இயர்போனைச் சொருகினால் அந்த எல்லை 100 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அது காதுக்கு வரும்போது பாதி பலம்கூட இருக்காது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடாரைத் தவறவிட்டவர் எதைக் கேட்டார் என்று நான் சண்டைக்கே போவேன். ரிச்சி தெருவில் கண்டென்சர் வாங்கிவந்து, இருப்பதன் தலைமேலேயே இன்னொன்றை வைத்துப் பற்றவைத்த கோஷ்டியில் நானும் ஒருவன். அதைப் பிடுங்கிவிட்டு ஒயரால் இணைத்தால் பேஸ் கொட்டும் என்று நம்பி, ஒரு ஜோடி ஹெட்போனைக் காவு கொடுத்ததும் உண்டு.

பிறகு சிப் செய்பவர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, சிப்புக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப். குட்டிக் கண்டென்சர் ஒன்றை நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்து, மைனஸ் வோல்ட்டை அங்கேயே தயாரித்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இடம் கிடைத்ததும் வாசல் காவலுக்கு வேலை இல்லை. மேக்ஸிம் கம்பெனி இதற்கு டைரக்ட்டிரைவ் என்று பெயர் வைத்தது. வேடிக்கை என்னவென்றால், 220 மைக்ரோஃபாரட் உருளைகள் இரண்டை வெளியேற்ற, ஒன்றிரண்டு மைக்ரோஃபாரட்டில் கடுகு மாதிரி இரண்டு கண்டென்சர் உள்ளே வந்தன. இன்றைய போனில் டைப்-சி குட்டி ஒயரைச் சொருகிக் கேட்கிறீர்களே, அதற்குள் இருக்கும் சிப்புகளிலும் இந்த வித்தை புழக்கத்தில் உண்டு. மிஞ்சும் டிசி சில மில்லிவோல்ட்தான்.

இன்னொரு வழி மலிவானது, கொஞ்சம் குறும்பானதும்கூட. ஹெட்போனின் பொது ஒயரைக் கிரவுண்டில் இணைக்காமல், அதையும் 1.65 வோல்ட்டிலேயே தூக்கி நிறுத்திவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே உயரம், வித்தியாசம் பூஜ்யம். மல்டிமீட்டரை ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் வைத்தால் ஒன்றும் காட்டாது. அடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். காதில் மாட்டிக் கேட்கும்வரை ஒரு குறையும் இல்லை, பேஸும் முழுசாக வரும்.

ஆட்டோவில் நடந்தது இதுதான். ஆம்ப்ளிஃபயரின் மைனஸும் சார்ஜரின் மைனஸும் ஒரே பேட்டரியில் முடிகின்றன. 1.65 வோல்ட்டில் நின்ற பொது ஒயரை, ஆக்ஸ் ஒயர் கொண்டுபோய் அந்த மைனஸில் ஒட்டவைத்துவிட்டது. சார்ஜ் ஒயர் இல்லாதவரை சுற்று பூர்த்தியாகவில்லை, சொருகியதும் ஷார்ட். சிப் சூடாகி வாயை மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அதே ஸ்டேஷன் வாசலில் சொன்னேன். "அப்ப இன்னா பண்ணலாம்?"

ஆக்ஸ் ஒயருக்கு நடுவே போட, இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டப்பா ஒன்று கடையில் கிடைக்கும். பாட்டு காந்தம் வழியாகத் தாண்டும். டிசியும் தாண்டாது, மைனஸும் மைனஸும் தொடாது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்ததும் இதே ஜாதி டிரான்ஸ்ஃபார்மர்தான். வாங்கி மாட்டிவிட்டார். மீஞ்சூர் வரைக்கும் சார்ஜ் ஒயர் சொருகியபடியே பாடிக்கொண்டு வந்தது.

"பேஸ் கொஞ்சம் கம்மியாகீது சார்" என்றார்.