வழக்கறிஞர் தொழிலும் நம் பிள்ளைகளும்



நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்கு ஒரு மாலை நேரத்தில், செம்பனைப் பழம் வெட்டும் தொழிலாளி ஒருவர் வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். "வாத்தியார் ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். அது மலாய் மொழியில் எழுதப்பட்ட வேலை நீக்கக் கடிதம். தேதியைப் பார்த்தோம். 72 நாள்கள் ஆகியிருந்தன. திருவிழா முடியட்டும் என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். அந்த 72 நாள்களிலும் தம் இளைய மகனைப் பள்ளியில் விட அவர் வந்துகொண்டுதான் இருந்தார். தினமும் அவருக்கு வணக்கம் சொன்ன நாம், "வேலைக்குப் போகவில்லையா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டணத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் அவருடைய மூத்த மகளும் உடன் வந்தாள். கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம் அது. வழக்கறிஞர் அம்மையார் கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. ஆனால் நாள் கடந்துவிட்டது." பாக்கி நின்ற சம்பளத்துக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்க வழிகாட்டினார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்கும் வழி மட்டும் அடைந்தே போயிற்று.

திரும்பும் வழியில் அந்தப் பிள்ளை, "சார், லாயர் ஆக என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். இன்றைய நம் உரை அந்தக் கேள்விக்கு விடைதான்.

முதலில் படிப்பு. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி வேண்டும். வரலாறு, மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கவனம் வேண்டும். நீதிமன்ற மொழி மலாய். சட்டப் புத்தகங்களும் பழைய தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அப்படியானால் தமிழ் எதற்கு என்று கேட்காதீர்கள். கடிதத்தைப் புரிந்துகொள்ளாமல் வந்து நிற்கும் தகப்பனிடம் பேச, தமிழ்தான் வேண்டும்.

எஸ்.பி.எம். முடிந்தபின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன். அதன்பின் சட்டப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972ஆம் ஆண்டு முதல் சட்டம் கற்பிக்கப்படுகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு நான்கு ஆண்டுகள். தனியார் கல்லூரியில் சேர்ந்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை மூன்று ஆண்டுகளில் பெறுவோரும் உண்டு. ஆனால் அவர்கள் சி.எல்.பி. என்னும் தகுதித் தேர்வையும் எழுத வேண்டும். அது கடினமான தேர்வு. ஒரு முறைக்கு மேல் எழுதித் தேறியவர்கள் பலர். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் செலவும் குறைவு, அந்தத் தேர்வும் இல்லை. பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கடன். பின்னாளில் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

பட்டம் பெற்றவுடன் கறுப்பு அங்கி கிடைத்துவிடாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி, ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அந்த மூத்தவர் குறைந்தது ஏழு ஆண்டுகள் தொழில் நடத்தியவராக இருக்க வேண்டும். சிற்பி உளி பிடிக்கக் கற்பதும், பால்மரத்தில் கோடு வெட்டக் கற்பதும் அனுபவசாலியின் பக்கத்தில் நின்றுதானே! இதுவும் அப்படித்தான். இந்தக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதியின்றி வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது. பயிற்சிக்குக் கிடைக்கும் உதவித்தொகையோ சொற்பம். பெற்றோர் இந்த ஒன்பது மாதத்துக்கும் சேர்த்தே சேமிக்க வேண்டும். "படிப்பு முடிந்ததே, பணம் எங்கே?" என்று பிள்ளையை நோகடிக்கக் கூடாது.

பயிற்சி முடிந்தபின் உயர்நீதிமன்ற நீதிபதி முன்னிலையில் பிள்ளை வழக்கறிஞராக ஏற்கப்படுகிறார். எஸ்.பி.எம். எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நீண்ட வழிதான். ஆனால் காவலாளி ஒருவரின் மகனாகப் பினாங்கில் பிறந்த கர்ப்பால் சிங் இதே தொழிலுக்கு வந்து, 1970இல் சொந்த நிறுவனம் தொடங்கி, நாடறிந்த வழக்கறிஞரானார்.

இனி, சிறிய அலுவலகத்தின் வாழ்க்கையைப் பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலான வழக்கறிஞர் நிறுவனங்கள் சிறியவைதாம். ஒருவரோ இருவரோ வழக்கறிஞர்கள். வீட்டுமனைப் பத்திரங்களைக் கவனிக்கும் ஒரு குமாஸ்தா. வழக்குக் கோப்புகளுக்கு ஒரு குமாஸ்தா. கடிதங்களைக் கொண்டுசெல்ல மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். அவ்வளவுதான். சினிமாவில் வருவதுபோல் நாள்தோறும் மேசையைத் தட்டி வாதாடுவதில்லை. காலையில் நீதிமன்றம். அங்கே பல நாள்களில் வழக்குக்கு அடுத்த தேதி வாங்குவதுதான் வேலை. பிற்பகலில் வீடு விற்பனைப் பத்திரம், வங்கிக் கடன் பத்திரம், உயில், மணவிலக்கு மனு, சாலை விபத்து வழக்கு. இரவில் மறுநாளுக்கான படிப்பு. சுவரில் ஒரு நாள்காட்டி. எந்த வழக்கு எந்த நாளில் காலாவதியாகும் என்று அதில் குறித்து வைப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் கட்சிக்காரரின் உரிமை போய்விடும்.

அலுவலக வாடகை, குமாஸ்தா சம்பளம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழில் சான்றிதழ் ஆகிய செலவுகள் நிற்பதில்லை. கட்சிக்காரரோ தவணையில் கொடுப்பார், சில சமயம் கொடுக்காமலும் போவார். ஆகவே தொடக்கத்திலேயே பங்களாவும் காரும் வந்துவிடும் என்று எண்ணி யாரும் இத்தொழிலுக்கு வர வேண்டாம்.

நாணயம் மிக முக்கியம். கட்சிக்காரர் பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதில் கை வைத்தால் தொழிலே போய்விடும். விபத்து இழப்பீட்டில் இத்தனை பங்கு எனக்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதையும் சட்டம் தடுக்கிறது. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, "கையெழுத்துப் போடுங்கள், நான் லாயரிடம் பேசிக்கொள்கிறேன்" என்னும் தரகரை நம்பாதீர்கள். வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் இல்லாதவர்க்கு அரசின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. குற்ற வழக்குகளுக்கு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் உதவுகிறது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத பணத் தகராறுகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் நாமே தொடுக்கலாம்.

பெற்றோர்களே, எல்லாப் பிள்ளைகளும் வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் வரும் கடிதத்தை வந்த அன்றே பிரித்துப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். தண்ணீர்க் கட்டணமாகட்டும், வங்கிக் கடிதமாகட்டும், பிள்ளையைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தேதி என்ன, எதற்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். சட்டப் படிப்பின் முதல் பாடம் அதுதான். அதற்குக் கட்டணம் கிடையாது. புரியாவிட்டால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். முன்பு கேட்கத் தவறிய நாம், இப்போது பள்ளி வாசலில் நின்று கேட்கிறோம்: "வீட்டுக்குக் கடிதம் ஏதும் வந்ததா?"

அந்தத் தொழிலாளி இப்போது வேறொரு தோட்டத்தில் ஒப்பந்த வேலை செய்கிறார். மகள் ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவள்தான் முதலில் பிரிக்கிறாளாம். சாமி படத்துக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை என்று அவள் தாயார் நம்மிடம் சொன்னார்.