ஸ்கேன் அறிக்கையில் கணைய நீர்க்கட்டி: எப்போது கவலைப்பட வேண்டும்?

ஏர்பேடு: சிறுநீரகக் கல்லுக்காகவோ வயிற்றுவலிக்காகவோ எடுக்கப்படும் ஸ்கேனில், கணையத்தில் 'சிஸ்ட்' அல்லது 'லீஷன்' இருப்பதாக ஒரு வரி எதிர்பாராமல் இடம்பெறுவதுண்டு. அதைப் படித்த குடும்பத்தினர் பலர் உடனே புற்றுநோய் என்று கலங்குகின்றனர். வலி இல்லையே என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே பிழையான முடிவுகள்.

'லீஷன்' என்பது இயல்புக்கு மாறான திசுப் பகுதியைக் குறிக்கும் பொதுச்சொல் மட்டுமே. அது நோயின் பெயர் அன்று. நீர்க்கட்டி என்பது திரவம் நிறைந்த பை. அந்தத் திரவம் எது, பையின் சுவர் எத்தகையது என்பதைப் பொறுத்தே அபாயம் கணிக்கப்படுகிறது.

கணைய அழற்சிக்குப் பின் நான்கு வாரங்கள் கடந்து உருவாவது போலி நீர்க்கட்டி. இது புற்றுநோயாக மாறுவதில்லை. பல நேரங்களில் தானாகவே வற்றிவிடும். தெளிந்த நீர் கொண்ட 'சீரஸ்' கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. சளி போன்ற திரவம் சுரக்கும் 'மியூசினஸ்' கட்டிகளே மருத்துவர்களின் கவனத்துக்கு உரியவை. அவற்றுள் சில, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும்.

எனவே, முன்பு கணைய அழற்சி வந்ததா, மதுப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்பது வெறும் சம்பிரதாயம் அன்று. சளிக்கட்டியைப் போலி நீர்க்கட்டி எனத் தவறாகக் கருதி, திரவத்தை மட்டும் வடித்துவிட்டால் உண்மையான நோய் உள்ளேயே தங்கிவிடும்.

தென்னிந்தியாவில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. மதுப்பழக்கம் இல்லாத இளம் வயதினருக்கும் கணையத்தில் கற்கள் உருவாகும் ஒருவகை நாள்பட்ட அழற்சியை, கேரளத்தில் மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் 1960களில் விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்கு மீது முதலில் சந்தேகம் எழுந்தது. பின்னர் மரபணு மாற்றங்களின் பங்கு தெரியவந்தது. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதைச் சென்னை மருத்துவர் வி. மோகன் உள்ளிட்டோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே, பழைய அழற்சி இருந்தது என்பதாலேயே புதிய கட்டியைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது.

கட்டி 3 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருத்தல், முதன்மைக் கணையக் குழாய் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்திருத்தல், கட்டி வேகமாக வளர்தல் ஆகியவை கூடுதல் பரிசோதனை தேவை என்பதன் அறிகுறிகள். குழாய் 10 மில்லிமீட்டரைத் தொட்டாலோ, கட்டியால் மஞ்சள் காமாலை ஏற்பட்டாலோ, உடல்நிலை இடங்கொடுக்கும் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும்.

சாதாரண அல்ட்ராசவுண்டில் இரைப்பை, குடல் காற்று கணையத்தை மறைத்துவிடும் என்பதால், எம்ஆர்ஐ வகையைச் சேர்ந்த எம்ஆர்சிபி ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. ஐயம் நீடித்தால், இரைப்பைக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் மூலம் ஊசியால் திரவம் எடுத்துச் சோதிக்கப்படும்.

திருப்பதிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே உள்ள ஏர்பேடு மக்களுக்கு, திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும், சித்தூர் வழியே சென்றால் வேலூரில் சிஎம்சி மருத்துவமனையும் உள்ளன. எங்கு சென்றாலும் பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் உடன் கொண்டுசெல்வது அவசியம். கட்டி வளர்ந்துள்ளதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டே மருத்துவரால் கூற முடியும்.