மார்கழியில் சாம்பல் ஏன் தோற்கிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் இருக்கிறது. “ஐயா, விதைச்சோளத்திலும் துவரையிலும் சாம்பல் கலந்து வைப்பது எங்கள் மாமியார் காலத்துப் பழக்கம். சித்திரையில் கலந்து வைத்தால் ஒரு பூச்சி இருக்காது. ஐப்பசியில் கலந்து வைத்தால் மார்கழி பிறப்பதற்குள் மூக்கு வண்டு ஊர்கிறது. அதே அடுப்பு, அதே சாம்பல், அதே குதிர். குளிருக்கு ஒதுங்கத்தான் பூச்சிகள் வீட்டுக்குள் வருகின்றன என்கிறார்கள். உண்மையா?”

இந்த அம்மா தம்மை அறியாமலே ஒரு நல்ல சோதனை செய்திருக்கிறார். அடுப்பையும் சாம்பலையும் குதிரையும் மாற்றாமல் மாதத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறார். ஆகவே விடை மாதத்தில்தான் இருக்க வேண்டும்.

குளிருக்கு ஒதுங்குகின்றன என்ற பேச்சை முதலில் தள்ளிவிடலாம். அது பனி உறையும் நாடுகளின் கதை. அங்கே இலையுதிர் காலம் முடிந்தால் பொறிவண்டுகள் கூட்டம் கூட்டமாகச் சுவர் இடுக்குகளில் வந்து அடையும். சுண்டெலிகள் கதகதப்பைத் தேடி வரும். அந்த நாட்டு விளம்பரத்தையே தமிழாக்கி ‘குளிர்காலப் பூச்சி’ என்று நமக்கும் மருந்து விற்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இன்னும் சில டிகிரி குறையலாம். மூக்கு வண்டு பெருகுவது அடியோடு நிற்க வேண்டுமானால் 15 டிகிரியை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். சமையலறைக் குதிருக்குள் அது நடக்காது.

நம் ஊரில் இந்த மாதங்களை ஆள்வது ஈரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும். வீடு என்பது எலியின் கணக்கில் ஒரு மேடு, அவ்வளவுதான். எறும்பும் மரவட்டையும் அப்படியே. மழை ஓய்ந்த பிறகும் பனி இறங்குகிறது; விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் 80, 90 சதவீதம் நிற்கிறது. தானியம் அந்த ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கிறது. சித்திரையில் 10, 11 சதவீத ஈரத்தோடு பல்லில் ‘கடுக்’கென்று உடைந்த சோளம், மார்கழியில் 15 சதவீதத்தைத் தாண்டி மெத்தென்று ஆகிவிடும்.

வண்டின் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் இதன் முழு அர்த்தம் விளங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

மூக்கு வண்டின் நீளம் 3 மில்லிமீட்டர். தண்ணீர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமல், காய்ந்த தானியக் குவியலுக்குள் மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டுப் போகிறது. குடிநீர் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் தானியத்தின் ஈரத்திலிருந்து. மீதியை அதுவே தயாரித்துக்கொள்கிறது. 100 கிராம் மாவுச்சத்தை உடம்பு முழுவதுமாக எரித்தால் ஏறக்குறைய 55 கிராம் தண்ணீர் பிறக்கும். சோளத்தைத் தின்றே வண்டு தன் தண்ணீரைச் செய்துகொள்கிறது.

செய்துகொண்டால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். உருவம் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். ஒரு பானைத் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். அதையே களத்தில் தெளித்தால் கால் மணியில் காய்ந்துவிடும். வண்டு தெளித்த துளியைப் போன்றது. ஆனாலும் காயாமல் இருக்கிறதே, அது எப்படி? அதன் ஓட்டின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் இருக்கும் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். வண்டுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது அந்தப் படலம்தான். உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் போய்விட்டால் அது பிழைக்காது.

சாம்பல் கை வைப்பது இந்தப் படலத்தில்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். இங்கிலாந்தின் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் 1945இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணிய தூளின் மேல் ஊர்ந்த பூச்சியை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்துக் காட்டினார். மெழுகு கீறப்பட்ட இடங்கள் மட்டும் கருத்துக் கோடு கோடாகத் தெரிந்தன. தூள் கீறுகிறது என்பது அவர் கண்டது. நம் மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே பக்குவப்படுத்திய களிமண்ணையும் கரித்தூளையும் வைத்துத் தானியப் பூச்சிகளைக் கொன்று காட்டினார்கள். கலிபோர்னியாவின் வால்டர் எபலிங், கீறுவதைவிட மெழுகை உறிஞ்சுவதே பெரிய வேலை என்று நிறுவப் பாடுபட்டார். இவர்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே நம் கிழவிகள் சாம்பலைப் பிசறிக்கொண்டிருந்தார்கள்.

உறிஞ்சுவது என்றால் எப்படி? டீக்கடை வடையை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியிலிருந்து எடுத்த வடையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினால், தாளின் நார் இடுக்குகளுக்குள் எண்ணெய் ஏறிவிடுகிறது. சாம்பல் துகள் ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் செய்தித்தாள். அதன் நுண்துளைகளுக்குள் வண்டின் மெழுகு ஏறிவிடுகிறது. இந்த ஒப்புமையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். வழவழப்பான காலண்டர் தாள் எண்ணெய் எடுக்காது. அதுபோல் துளையில்லாத மணல் துகள் மெழுகை எடுக்காது, கீறத்தான் செய்யும். வடையைத் திருப்பித் திருப்பி ஒற்றினால் எண்ணெய் அதிகம் இறங்கும். அதுபோல் சும்மா கிடக்கும் வண்டைவிட ஊர்ந்து திரியும் வண்டு சீக்கிரம் சாகும். இப்போது மார்கழிக்கு வாருங்கள். மழையில் நனைந்த செய்தித்தாளில் வடையை வைத்தால் என்ன ஆகும்? தாளின் இடுக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் நிற்பதால் எண்ணெய்க்கு இடமில்லை. ஈரக்காற்றில் கிடந்த சாம்பலும் அப்படித்தான். துளைகள் நிரம்பி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடுகின்றன.

அதோடு முடியவில்லை. மெழுகு போனாலும் வண்டு சாக வேண்டுமானால் உடம்புத் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். சுற்றிலும் ஈரம் நிறைந்த காற்று இருந்தால் ஆவி எங்கே போகும்? போகும் கொஞ்சத்தையும் வண்டு தின்கிற ஈரச் சோளம் ஈடுகட்டிவிடுகிறது. வடையின் மேல் எண்ணெயை ஒற்றி எடுத்து என்ன பயன், அது சாம்பாரில் மிதந்துகொண்டிருந்தால்? சித்திரையில் ஒரே நேரத்தில் மூன்றும் வண்டுக்கு எதிராக இருந்தன: உலர்ந்த சாம்பல், உலர்ந்த காற்று, உலர்ந்த சோளம். மார்கழியில் மூன்றும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டன. மாமியாரின் சாம்பலில் குறையே இல்லை.

‘இயற்கை முறைப் பூச்சிக்கொல்லி மண்’ என்று இணையத்தில் டப்பாவில் விற்கும் டயட்டம் மண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது நீரில் வாழ்ந்த நுண்பாசிகளின் சிலிக்கா ஓடு. நல்ல பொருள்தான், ஆனால் ஈரத்தில் அதுவும் தோற்கும் என்பதை டப்பாவின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை. கள்ளக்குறிச்சிக்காரர்கள் சிலிக்காவை விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. இங்குள்ள அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார்கள். 1000 கிலோ நெல்லுக்கு 200 கிலோ உமி; அதை எரித்தால் 40 கிலோ சாம்பல்; அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. ஒரே ஒரு எச்சரிக்கை: கொதிகலனில் மிகுந்த சூட்டில் வெந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகியிருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வீட்டில் குறைந்த தணலில் எரித்த உமியோ வறட்டியோ மேல். எதுவானாலும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கலப்பது நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைக்குப் பரிந்துரைக்கும் ஆக்டிவேட்டட் கயோலின் என்ற களிமண் தூளும் இந்தக் குடும்பம்தான். 100 கிலோ விதைக்கு 1 கிலோ போதும்.

துவரையின் கதை சற்று வேறு. பயறு வண்டு முட்டையைப் பருப்பின் மேல்தோலில் பசைபோட்டு ஒட்டும். குஞ்சுப் புழு அங்கிருந்தே துளைத்து உள்ளே போகும். செம்மண் கட்டிய துவரையில் ஒட்டினால் முட்டை மண்ணோடு உதிர்ந்துவிட வாய்ப்பு உண்டு. விளக்கெண்ணெய் தடவினால் முட்டைக்கு மூச்சே கிடைக்காது. எண்ணெய் வழி ஈரத்தை நம்பியதல்ல. ஆகவே ஐப்பசியில் துவரைக்கு எண்ணெயே சரி.

மலைக்காரர்களுக்கு மூக்கு வண்டின் தொல்லை குறைவு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விளைவிப்பவர்கள். மூக்கு வண்டு ஒரு மணியில் துளையிட்டு, ஒரு முட்டை வைத்து, துளையைப் பசையால் அடைக்கும். புழு அந்த ஒரே மணிக்குள் பிறந்து, தின்று, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வண்டாக வெளியே வரும். ஆயிரம் சோள மணி 25, 30 கிராம் தேறும். ஆயிரம் சாமை மணி 2, 3 கிராம்தான். அத்தனை சிறிய மணிக்குள் ஒரு வண்டு வளர இடமும் இல்லை, இரையும் இல்லை. தொம்பை என்னும் குதிரில் கேழ்வரகு வருஷக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம். ‘சிறுதானியத்தில் பூச்சியே வராது’ என்று அங்காடிகளில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். உமி நீக்கிய சாமை அரிசியில் நூல் கட்டிப் புழு வைக்கும் அந்துப்பூச்சி தாராளமாக வரும். அது மணிக்கு வெளியே இருந்து தின்னும் இனம். இந்த அந்தையே வேளாண் ஆய்வகங்களில் கம்பு போட்டு வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவியை வளர்த்து, அட்டையில் ஒட்டி, இடைக்கணுப் புழுவுக்கு எதிராகக் கரும்புத் தோட்டத்தில் கட்டுகிறார்கள். இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு போகும் இந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு அந்த அட்டை புதிதல்ல.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. சாம்பல் கேட்கவில்லை என்றதும் பலர் மூட்டைக்குள் போடும் ‘மாத்திரை’யை வாங்கிவிடுகிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் வாயு கிளம்பும். சாம்பலை முடக்கும் அதே மார்கழி ஈரம் மாத்திரையை விரைவாகத் தூண்டிவிடுகிறது. இதற்கு மாற்று மருந்து இல்லை. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், ஆள் புழங்காத கிடங்குகளில் மட்டுமே இதைக் கையாளலாம் என்பது சட்டம். படுக்கும் அறையில் இருக்கும் குதிர் கிடங்கு ஆகாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக்காற்றால் இரண்டு குழந்தைகள் உறக்கத்திலேயே பாதிக்கப்பட்டு இறந்தார்கள். எலிக்கு முதல் மருந்து சிமென்ட்தான். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். குழாய் போகும் துளை, கதவடி இடைவெளி, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே அடைத்துவிட்டால், வயலில் தண்ணீர் ஏறும்போது எலி வேறு மேடு தேடும்.

சுவர் பிளக்கில் செருகும் மீயொலிக் கருவியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001இலேயே இவற்றைச் செய்வோரும் விற்போருமாக 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் பேசாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த ஒலி ஒரு திரைச்சீலையைக்கூட ஒழுங்காகத் தாண்டாது. எலியும் சில நாளில் பழகிக்கொள்ளும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பொறியும் அரை மூட்டை சிமென்டும் வாங்கலாம்.

கச்சிராயபாளையத்து அம்மாவுக்கு: இப்போது கலந்து வைத்திருப்பதைப் புடைத்துச் சாம்பலை நீக்கிவிடுங்கள். தை பிறந்து மேகம் விலகியதும் சோளத்தைக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, கடித்தால் ‘கடுக்’கென்று உடையும்வரை காயவையுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே குதிரில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். இனிப் புதிதாக ஒன்றைச் செய்து பாருங்கள். சாம்பலைச் சலித்து, இரும்புச் சட்டியில் போட்டு, கட்டிகள் உடைந்து தூளாக ஓடும்வரை வறுங்கள். ஒரு பானைச் சோளத்தில் வறுத்த சாம்பல், இன்னொன்றில் வறுக்காத சாம்பல். இரண்டையும் துணி கட்டி மண்ணால் பூசி, ஒரே பரணில் வையுங்கள். பங்குனி கடைசியில் திறந்து, இரண்டிலும் ஒவ்வொரு படி எடுத்து முறத்தில் கொட்டி வண்டுகளை எண்ணி எழுதுங்கள். அந்த எண்களை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.