வங்கியின் பெயரில் வீசப்படும் தூண்டில்

2016 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் வைத்திருந்த கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் டொலரைக் களவாட முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதில் 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்கை நோக்கி அனுப்பப்பட்டிருந்தது. 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமையால் இடைநிலை வங்கியொன்று சந்தேகம் கொண்டு விசாரிக்க, அப்பணம் தடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியன் டொலர் அவ்வாறு தப்பவில்லை.

அந்த எழுத்துப் பிழையை நம்மில் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்போம். ஆனால், அக்களவு எங்கிருந்து தொடங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முந்திய ஆண்டில், வேலை தேடும் ஒருவர் தமது சுயவிபரக் கோவையை அனுப்புவது போன்று அவ்வங்கி ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களே அதன் முதற்படி. ஒரு நாட்டின் மத்திய வங்கியில் பணியாற்றுவோரே மின்னஞ்சலால் ஏமாற்றப்படக்கூடும் எனில், ஏமாந்துபோகும் சாதாரண வாடிக்கையாளரை அறிவிலி என்று எள்ளி நகையாடுவதில் நியாயமில்லை. எள்ளலுக்கு அஞ்சிப் பலர் முறையிடாமலே இருந்துவிடுகின்றனர் என்பதும் கவனத்திற்குரியது.

ஆங்கிலத்தில் 'பிஷிங்' எனப்படும் இம்மோசடி 1990 களில் அமெரிக்காவில் இணையச் சந்தாதாரர்களின் கடவுச்சொற்களைத் திருடுவதற்குக் கையாளப்பட்டது. தூண்டிலிட்டு மீன் பிடிப்பதே அப்பெயரின் மூலம். இன்று அதற்குப் பெரிதும் பயன்படும் இரை வங்கியின் பெயராகும்.

வவுனியாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய ஓய்வூதியமும் பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்பும் பணமும் ஒரே கணக்கிலேயே சேர்கின்றன. "உங்கள் விபரங்களை 24 மணித்தியாலங்களுக்குள் உறுதிப்படுத்தாவிடின் கணக்கு முடக்கப்படும்" என ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. வங்கியின் இலச்சினையும் நிறமும் அப்படியே இருக்கின்றன. அதிலுள்ள இணைப்பை அழுத்தியதும் தோன்றும் பக்கமும் வங்கியின் பக்கம் போலவே இருக்கிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிகிறார். மறுகணம் அவரது கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம் வந்து சேருகிறது. அது உண்மையான வங்கியிடமிருந்தே வருகிறது. அதனால் அவருக்கு எஞ்சியிருந்த ஐயமும் நீங்கிவிடுகிறது.

மோசடியின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது. அவர் போலிப் பக்கத்தில் பதிந்த விபரங்களை மோசடிக்காரர் அதே நேரத்தில் வங்கியின் உண்மையான தளத்தில் பதிகிறார். அவ்வாறு பதிந்தமையாலேயே வங்கி இரகசிய இலக்கத்தை அனுப்பியது. அதையும் ஆசிரியர் போலிப் பக்கத்தில் எழுதிவிட்டாரெனில், பணத்தை மாற்றுவதற்கான கடைசிச் சாவியும் கைமாறிவிட்டது. அக்குறுஞ்செய்தி வங்கியினுடையதுதானா என்று ஆராய்வதில் பயனில்லை. அது எந்த அலுவலுக்காக வந்தது, அந்த அலுவலை நாமாகத் தொடங்கினோமா என்பதையே பார்க்க வேண்டும்.

அனுப்புநரின் பெயரையும் நம்பிவிட முடியாது. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எவருடைய பெயரையும் எழுதலாம். மின்னஞ்சலிலும் ஏறத்தாழ அப்படித்தான். இணையத்தள முகவரியை வாசிப்பதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. முகவரியில் வரும் முதலாவது தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். சாய்கோட்டை ஒட்டி நிற்கும் பகுதியே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். வங்கியின் பெயரும் 'எல்கே' என்ற நாட்டுக் குறியும் தொடக்கத்தில் இருந்து, அதன் பின்னால் வேறொரு பெயரும் 'கொம்' என்பதும் வருமாயின் அத்தளம் வங்கியுடையதன்று. முகவரிக்கு அருகில் காணப்படும் பூட்டுச் சின்னமோ, தகவல் இடைவழியில் வாசிக்கப்படாது என்பதற்கே உத்தரவாதம். போலித் தளத்திற்கும் அப்பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது.

எழுத்துப் பிழைகளை வைத்துப் போலியை இனங்காணலாம் என்று முன்னர் கூறப்பட்டு வந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிழையற்ற ஆங்கிலத்தை மாத்திரமன்றி, ஓரளவு நல்ல தமிழையும் சிங்களத்தையும் எழுதித் தரும் இக்காலத்தில் அந்த அறிவுரை ஆபத்தானது. முகவரியை ஆராய்வதைவிட எளிய வழியொன்றையே நாம் பரிந்துரைப்போம். மின்னஞ்சலிலுள்ள இணைப்பு எதுவாயினும் அதனைத் தொடாது, வங்கியின் செயலியைத் தாமாகத் திறந்தோ, அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்திற்கு அழைத்தோ கேட்டுவிடுவதே அது. தபால் திணைக்களத்தின் பெயரில், பொதி வந்திருப்பதாகக் கூறிப் பரவிய போலிக் குறுஞ்செய்திகளுக்கும் இது பொருந்தும்.

வங்கிகளும் தம் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. எச்சரிக்கைகளை வாடிக்கையாளர் வாசிக்க முடியாத மொழியில் அனுப்பிவிட்டு, பின்னர் அவரது கவனக்குறைவைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. இரகசிய இலக்கம் எதற்காக அனுப்பப்படுகிறது, எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பவை தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்பட்டால், அந்த ஆசிரியர் கடைசிப் படியிலேனும் தடுமாறி நின்றிருப்பார்.

விபரங்களைக் கொடுத்துவிட்டோம் என்று உணர்ந்தால் நிமிடங்களே பெறுமதியானவை. வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்ற முறையின் கீழ் பணம் சில நொடிகளில் வேறு வங்கிக்குச் சென்றுவிடும். அங்கிருந்து அது எடுக்கப்பட முன்னர் அக்கணக்கை நிறுத்தி வைத்தால்தான் மீட்கும் வாய்ப்புண்டு. ஆகவே முதல் அழைப்பு வங்கிக்கே. கணக்கை முடக்கச் சொல்லி, அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெட்கத்தினால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடக்கூடாது, அதுவே சான்று. பிறருடைய கணக்கினுள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரியது என்பதால் பொலிஸில் முறையிடலாம். கணனி அவசரப் பதிலளிப்புப் பிரிவுக்கு 101 என்ற இலக்கத்திலும், வங்கியின் பதில் திருப்தியளிக்காவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திற்கு 1935 என்ற இலக்கத்திலும் அறிவிக்கலாம்.

இவ்வளவும் செய்து முடித்த பின்னர், பறிபோன பணத்தை மீட்டுத் தருவதாக எவரேனும் தாமாகவே தொடர்புகொள்ளக்கூடும். அவர் அதற்கு முற்கட்டணம் கேட்பாராயின், அவரும் அதே தூண்டிலைப் பிடித்திருப்பவரே.