ஒட்டுண்ணிக்குப் பெயர் சூட்டுதல்

போடிமெட்டில் வளர்ந்த எனக்குக் கடல் என்பது பனிக்கட்டியில் புதைந்து மலையேறி வரும் மீன்தான். அம்மீனோடு சில வேளை இன்னொரு கடலுயிரும் வந்துவிடுவதுண்டு. கருப்பு வாவலின் வாய்க்குள், நாக்கை ஒட்டி, வெளிறிய பூச்சி போன்ற ஒன்று பதினான்கு கொக்கிக் கால்களால் பற்றியிருக்கும். அது பூச்சியன்று, இறாலுக்கும் நண்டுக்கும் உறவினம். சைமோத்தோவா எரமிட்டா என்னும் இவ்வொட்டுண்ணியை 1783இல் விவரித்தவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் புரூன்னிக்.

இத்தகைய ஒன்றைக் கண்டதும் 'புதிய இனம்' என்று அறிவித்துவிடலாமா? கூடாது. 'நான் காணாதது' புதியதாகாது; எவரும் விவரிக்காததே புதியது.

எங்கள் மலையில் ஏலச்செடியை மலபார், மைசூர், வழுக்கை எனப் பிரிப்பர். காய்க்கும் சரம் தரையில் படர்ந்தால் மலபார்; நிமிர்ந்து நின்றால் மைசூர்; இடைப்பட்டது வழுக்கை. இப்படி நம்பத்தக்க ஓர் அடையாளம் ஒட்டுண்ணியில் எளிதில் சிக்குவதில்லை. இக்குடும்பத்து உயிர்கள் முதலில் ஆணாக வாழ்ந்து, பின்னர் பெண்ணாக மாறுகின்றன, உருவமும் மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, இருக்கும் இடத்தின் நெருக்கடியால் உடலும் ஒருபுறம் கோணிவிடும். அதனால் ஒரே இனம் பல பெயர்களைப் பெற்றதும் உண்டு.

ஆகவே ஆய்வாளர் முதலில் மீனின் இனம், பிடித்த துறை, ஒட்டியிருந்த இடம் ஆகியவற்றைக் குறிக்கிறார். பிறகு வாயுறுப்புகளையும் கால்களையும் தனித்தனியே பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறார். பழைய விவரங்களோடும் அருங்காட்சியக மாதிரிகளோடும் ஒப்பிடுகிறார். துடுப்புக்காலி வகை ஒட்டுண்ணிகளுக்கு, என். கிருஷ்ண பிள்ளை எழுதி இந்திய விலங்கியல் ஆய்வகம் 1985இல் வெளியிட்ட நூல் நல்ல வழிகாட்டி. மரபணுவின் சிறு பகுதியை ஒப்பிட்டு இனம் காணும் முறை 2003இல் முன்மொழியப்பட்டது. ஆணும் பெண்ணும் ஒரே இனமென்று காட்ட அது உதவும். ஆனால் ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிட்ட மாதிரி வேண்டுமே! புதியது என்று உறுதியானால், ஒரு மாதிரியை மூல மாதிரியாக நியமித்து, பின்வருவோர் சோதிக்கும்படி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். பரங்கிப்பேட்டையில் வளர்ப்புக் கொடுவா மீன்களைச் சைமோத்தோவா இண்டிகா தாக்கியதை ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்தனர். அது எங்கிருந்து வந்தது, எப்படிப் பெருகும் என்று தேடத் திறவுகோல் அப்பெயரே. பெயர் பிழைத்தால் வேறோர் உயிரின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்போம், மீன் செத்துக்கொண்டிருக்கும்.

வாவல் வாங்குவோர் அஞ்ச வேண்டாம். இவ்வுயிர் மனிதரிடம் ஒட்டி வாழ்வதில்லை. விலங்கியல் மாணவ நண்பர்களே, அதை எறியுமுன் சாராயக் குப்பியில் இடுங்கள். எந்தத் துறையில் பிடித்த மீன் என்று மீன்காரரிடம் கேட்டு, நாளோடு சீட்டில் எழுதுங்கள். சீட்டில்லாத மாதிரி ஆய்வுக்கு உதவாது.